பதினான்காம் பக்கத்துத் தண்ணீர்

எதைப் பற்றி எழுதுகிறோமோ அதைக் கண்ணால் பார்க்காமல் இருப்பதுதான் ஓர் எழுத்தாளன் தன் வாசகர்களுக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை. ஜெகபர் சாதிக் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அறந்தாங்கியில் தன் வீட்டு மாடியறையில், தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்தபடியே, இருபத்து நான்கு வயதுக்குள் அவன் வந்து சேர்ந்திருந்த முடிவு அது. பார்த்தவன் பார்த்ததை மட்டும்தான் எழுதுவான். அன்றைக்கு வெயிலா மழையா, செருப்பு அறுந்ததா இல்லையா என்பதெல்லாம் விஷயத்துக்குள் வந்து விழும். பார்க்காதவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவன் எல்லாவற்றையும் தூசி படாமல் முழுசாக எழுதிவிடுவான்.

"டைனோசரப் பத்தி எழுதினவன் எவனாச்சும் டைனோசரப் பாத்தானா?" என்று தங்கை ஃபர்ஹானாவிடம் கேட்டான்.

"பாத்திருந்தா எழுதிருக்க மாட்டான். அது தின்னுருக்கும்" என்றாள் அவள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள். அண்ணன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வரியில் கதவைச் சாத்துவது அவளுக்குக் கைவந்த கலை.

கொள்கை சும்மா பிறக்கவில்லை. அவன் அப்போதுதான் தன் முதல் புத்தகத்தை எழுதி முடித்திருந்தான். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான தகவல் புத்தகம், முப்பத்திரண்டு பக்கம், கண்மாய்களைப் பற்றியது. திருச்சியில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் ஷர்லி, சிறுவர் இதழொன்றில் வந்த அவனுடைய இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டுக் கூப்பிட்டு எழுதச் சொன்னவர். ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்குள் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒருவன் தடுக்கி விழுந்தால் கண்மாய்க்குள்தான் விழ வேண்டும். சாதிக் எங்கேயும் தடுக்கி விழாமல், மாடியை விட்டு இறங்காமல், கைப்பேசியையும் செயற்கைக்கோள் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு பதினெட்டு நாளில் புத்தகத்தை முடித்திருந்தான்.

பின்னட்டைக்கு ஆசிரியர் குறிப்பு கேட்டார் ஷர்லி. "சின்ன வயசுல போன பயணமும் படிச்ச படிப்பும் உங்கள எப்படி எழுத வச்சுச்சுன்னு நாலு வரி எழுதி அனுப்புங்க. பிள்ளைங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

சாதிக் எழுதி அனுப்பினான். 'பதினொரு வயது முடிவதற்குள் சர்வதேச விமான நிலையத்துக்கு முந்நூறு முறைக்கு மேல் பயணம் செய்தவர். பல நாட்டு இதழ்களைப் படித்து வளர்ந்தவர்.'

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவனுடைய அத்தா ராஜா முகமது திருச்சி விமான நிலையத்துக்கு வேன் ஓட்டுகிறவர். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவர்களில், கூப்பிட வீட்டார் யாரும் வர முடியாதவர்களை அவர் போய் அழைத்து வருவார். சாதிக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் தெருவே இரண்டுபட்டுவிடும் என்பதால் பள்ளி விடுமுறை நாளெல்லாம் அவனையும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போனார். சாதிக் முந்நூறு முறை விமான நிலையம் போனான். ஒரு முறையும் விமானத்தில் ஏறியதில்லை.

படிப்பும் அதே பின்சீட்டில்தான். இறங்கிப் போகிறவர்கள் வேனில் எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். அத்தர் டப்பாவின் மூடி, பாதி தின்ற பிஸ்கட், விமானத்தில் கொடுக்கும் வழவழப்பான பத்திரிகை. பத்திரிகையெல்லாம் சாதிக்குக்கு. இங்கிலீஷ் பாதி புரியும், மீதியைப் படம் பார்த்துச் சரிக்கட்டிக்கொள்வான். அரபி இருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் படிக்கலாம் என்பது கூடுதல் வசதி. ஐஸ்லாந்தில் வெந்நீர் பூமியிலிருந்து எப்படிப் பீறிடுகிறது, முத்துக் குளிப்பவர்கள் மூக்கை எதால் இறுக்கிக்கொண்டார்கள் என்பதெல்லாம் பத்து வயதில் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது.

"பயணம் செய்தவராம்ல" என்று ஃபர்ஹானா குறிப்பை உரக்கப் படித்தாள். "ஏர்போர்ட்டு வாசல்ல ஒனக்குப் பாதி டிக்கெட்டுன்னு அத்தா சண்டை போட்டத ஏன் எழுதல?"

அந்தப் பயணங்களில் சாதிக்கின் பொறுமையைச் சோதித்த விஷயம் ஒன்று இருந்தது. அத்தா வழியில் நிறுத்துவார்.

ஊர் திரும்புகிறவர்கள் புதுக்கோட்டை தாண்டியதும் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். வீட்டுச் செய்தியெல்லாம் போனில் தெரிந்ததுதான். போனில் யாரும் சொல்லாத ஒன்றைத்தான் கேட்பார்கள். கண்மாயில தண்ணி கெடக்காண்ணே? ஆவுடையார்கோயில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இப்படிக் கேட்டபோது, இரண்டு வருஷம் கழித்து வருகிற மனுஷன், நல்ல வார்த்தையாகச் சொல்லுவோமே என்று ராஜா முகமது, "நெறஞ்சு கெடக்குங்க" என்று சொல்லிவிட்டார். காலை ஏழு மணிக்கு ஊர் எல்லையில் வேனை நிறுத்தச் சொன்ன அந்த மனிதர், புது ஷூவோடு கரையில் ஏறி ஓடி, சின்ன வயதில் குதிக்கிற இடத்திலிருந்து ஒரே குதியாகக் குதித்தார். முழங்கால் அளவுத் தண்ணீர். முப்பது நாள் விடுப்பில் இருபத்தாறு நாள் கட்டில். மாவுக்கட்டோடு விமானம் ஏறினார். அவருடைய ஆத்தா அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டில் ராஜா முகமதைக் கண்டாலும், பிரியாணிச் சட்டிக்கு எதிரிலேயே நிறுத்திவைத்துக் கேட்பாள். "நெறஞ்சு கெடக்குன்னு நீதானப்பா சொன்ன?"

அன்றிலிருந்து ராஜா முகமது கண்ணால் பார்க்காத எதையும் வாயால் சொல்வதில்லை. திருச்சிக்குப் போகும்போதே, வரப்போகிறவரின் ஊருக்கு வண்டியைத் திருப்புவார். கரையில் ஏறிக் குத்துக்காலிட்டு உட்கார்வார். ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம், தண்ணீரைப் பார்ப்பார். இறங்கி வருவார். அப்புறம் திரும்பும்போது கேள்வி வந்தால் பதில் தயாராக இருக்கும். "மூணாம் படி தெரியுதுங்க. ரெண்டாம் படி ஈரமா இருக்கு. போன வாரம் அதுவரைக்கும் கெடந்துருக்கும்."

கேட்டவர் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வருவார். பின்சீட்டில் சாதிக், தோகாவிலிருந்து பறந்து வந்த மனிதனுக்குப் படிக்கட்டு ஈரமா காய்ந்ததா என்பது எதற்கு என்று பத்திரிகையைப் புரட்டுவான்.

கல்லூரிக்குப் போனதும் அவன் இதைச் சும்மா விடவில்லை. துறைச் சுவரிதழில் 'கண்மாய்ப் புலனாய்வுப் பிரிவு' என்று தொடர் எழுதினான். உயர் அதிகாரி கரையில் குந்தியிருந்து தண்ணீரை நேருக்கு நேர் விசாரித்தார், தண்ணீர் தொடர்ந்து மௌனம் சாதித்தது, சந்தேகத்தின் பேரில் இரண்டு தவளைகள் கைது. துறையே சிரித்தது. கட்டணம் கட்ட வந்த ராஜா முகமதும் சுவர் முன்னால் நின்று முழுவதையும் படித்தார். மகனைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அம்புட்டு நேரமாவா குந்துறேன்?"

ஆக, புத்தகம் அச்சுக்குப் போகத் தயார். அதில் சாதிக்குக்கே மிகவும் பிடித்தது பதினான்காம் பக்கம். எதிர்ப் பக்கத்தோடு சேர்ந்து ஒரே படமாக விரியும் பக்கம். கண்மாய்கள் தனித்தனியாக இருப்பதில்லை, ஒன்று நிறைந்தால் மிச்சத்தை அடுத்ததற்குக் கொடுக்கும் என்பதைச் சொல்லும் இடம். உதாரணத்துக்கு ஆலங்குடிப் பக்கத்து ஊர்கள் இரண்டை எடுத்துக்கொண்டான். பூவவிடுதி, செங்கமேடு. அதுவும் ஒரு காலத்தில் அத்தாவின் வேன் நின்ற வழிதான். வரைபடத்தில் பூவவிடுதிக் கண்மாய் மேலே இருந்தது. செங்கமேட்டுக் கண்மாய் கீழே இருந்தது. நடுவில் நூல் மாதிரி ஒரு கால்வாய், ஊர்ப் பேச்சில் வாரி, இரண்டையும் இணைத்தது. தண்ணீர் மேலேயிருந்து கீழே ஓடும் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். சாதிக் எழுதினான்: 'பூவவிடுதிக் கண்மாய் தன் வயிறு நிறைந்ததும், தம்பிக்கு மிட்டாய் கொடுக்கும் அண்ணனைப் போல, மிச்சத் தண்ணீரைச் செங்கமேட்டுக் கண்மாய்க்குக் கொடுத்துவிடும்.'

மிட்டாயை நினைத்து அவனுக்கே சற்றுக் கண் கலங்கியது.

திங்கட்கிழமை ஷர்லி கூப்பிட்டார். புத்தகம் அச்சாகும் முன் பிள்ளைகளிடம் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். அந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்கே அனுப்பியிருந்தார். ரஞ்சிதா டீச்சர் நாலாம் வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறார்.

"பதிமூணாம் பக்கம் வரைக்கும் நல்லாப் போயிருக்கு சாதிக். பதினாலாம் பக்கத்துல செங்கமேட்டுப் பொண்ணு ஒருத்தி எந்திரிச்சு, நாங்க எதுக்குத் தம்பி, எங்க கண்மாய்த் தண்ணிதான் அவங்களுக்குப் போகுதுன்னுருக்கா. பூவவிடுதிப் பையன் எந்திரிச்சுருக்கான். அப்புறம் மொத்த வகுப்பும் எந்திரிச்சுருக்கு. ரெண்டு டிபன் பாக்ஸ் நெளிஞ்சுபோச்சாம்."

சாதிக்குக்கு முதலில் பெருமையாக இருந்தது. இலக்கியம் டிபன் பாக்ஸை நெளிக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"சிரிக்காதீங்க" என்றார் ஷர்லி. "அந்த ரெண்டு ஊருக்கும் பல வருஷமா பேச்சு இருக்காம், யார் தண்ணி யாருக்குப் போகுதுன்னு. யாருக்குப் போகுதோ அவங்கதான் வாரியத் தூர்வாரணும். புத்தகத்துல வந்துட்டா அதத் தூக்கிக்கிட்டுத் தாலுகா ஆபீசுக்கே போயிருவாங்க, பாத்துப் போடுங்கன்னு டீச்சர் சொல்றாங்க. நீங்க பாத்துட்டுத்தான எழுதினீங்க?"

"மேப்புல பாத்தேன் மேடம்."

"மேப்புல தண்ணி ஓடுதா?"

சாதிக் வரைபடத்தை மறுபடி திறந்தான். மேலே, கீழே என்று அவன் எழுதியது தாளின் மேலே கீழே என்பது அப்போதுதான் உறைத்தது. வடக்கு என்பது மேடு அல்ல. வடக்கு என்பது வடக்கு, அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எது சரின்னு சொல்லுங்க. இல்லேன்னா அந்த ரெண்டு பக்கத்த எடுத்துட்டுத் தாமரைப் படம் போட்டுர்றேன்."

அதில்தான் விஷயம் இருந்தது. அந்த இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் மீதி முப்பது பக்கமும் எவரும் எழுதக்கூடியதுதான். தாமரையை யாரும் தப்பாக எழுத மாட்டார்கள்.

அவன் இன்னமும் மாடியை விட்டு இறங்குவதாக இல்லை. டீச்சரிடம் இரண்டு ஊருக்கும் ஒவ்வொரு எண் வாங்கினான். பூவவிடுதியில் திருப்பதி என்பவர் எடுத்தார்.

"எங்க தண்ணிதான் தம்பி அங்கிட்டுப் போகுது. எங்க கண்மாய் பெரிய கண்மாய். அவுக கண்மாய் குட்டைங்க. நாங்க குடுக்கலேன்னா அவுகளுக்கு ஏது?"

அடுத்துச் செங்கமேட்டில் செல்லமுத்து எடுத்தார். "யாரு சொன்னா, திருப்பதியா? அவன் கண்மாய்ப் பக்கம் வந்து எத்தன வருஷமாச்சுன்னு கேளுங்க. எங்க தண்ணிதாங்க வடக்காம ஏறி அவுகளுக்குப் போகுது. நாங்க குடுக்குறத வாங்கிக்கிட்டுப் பேச்சப் பாத்தீகளா?"

இருவருமே கொடுப்பவர்கள். உலகத்தில் வாங்குகிறவர் என்று எவருமே இல்லாத ஊர்கள் இவை இரண்டும்தான் என்று எழுதலாமா என்று சாதிக் யோசித்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதாது.

கடைசியாக அவன் அத்தாவிடம் போனான். ராஜா முகமது வேனுக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. சாதிக் அந்தக் காலிடம் கேட்டான்.

"எங்கிட்டுப் போகுதா?" என்றது அடியிலிருந்து குரல். "எவ்வளவு கெடக்குன்னு கேப்பாக, பாத்துச் சொல்லிருக்கேன். எங்கிட்டுப் போகுதுன்னு இன்னிவரைக்கும் ஒருத்தனும் கேக்கலையே."

"சும்மா ஒரு ஊகமாவாச்சும் சொல்லுங்கத்தா."

"நெறஞ்சு கெடக்குன்னு சொன்னேனே, அது மாதிரியா?" ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்தது. "நீயுந்தான வந்த. அங்க முப்பது தடவையாச்சும் நிறுத்திருப்பேன். ஒனக்குத் தெரியாதா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டார். சாதிக்குக்கு அதுதான் சுருக்கென்றது.

புதன்கிழமை நல்ல மழை. வியாழன் விடிந்தும் மழை விடவில்லை, அதோடேயே அவன் ஆலங்குடிக்குப் பஸ் ஏறினான். அங்கிருந்து பூவவிடுதிக்கு டவுன் பஸ். தோழர்கள் யார் கண்ணிலும் படக் கூடாது என்று தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த மழையில் அவனைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. கடலைக் காட்டு ஓரமாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கால் கிலோ சேற்றோடு நடந்து வாரிக்குப் போய்ச் சேர்ந்தான்.

வரைபடத்தில் நூலாக இருந்தது, நேரில் இரண்டு ஆள் அகலத்துக்குக் கலங்கல் தண்ணீர். ஓடிக்கொண்டிருந்தது. சருகு ஒன்று மிதந்து வந்தது, பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் கப். இரண்டும் தெற்கேயிருந்து வடக்கே போயின. செங்கமேட்டிலிருந்து பூவவிடுதிக்கு.

அவன் எழுதியிருந்தது இதற்கு நேர் எதிர். அச்சில் ஏறியிருந்தால் மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்திருப்பார்கள். சாதிக் படம் எடுத்து ஷர்லிக்கு அனுப்பினான். 'செங்கமேடுதான் அண்ணன். மாற்றிவிடுங்கள்.' விஷயம் முடிந்தது என்று செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது, குடை பிடித்தபடி பூவவிடுதித் திருப்பதியே வந்துவிட்டார். குரலை வைத்துத்தான் இருவரும் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"போன் பண்ண தம்பிதான? நேர்லயே வந்துட்டீகளா! சாப்ட்டீங்களா?"

"நீங்க தப்பாச் சொல்லிட்டீங்களேண்ணே. தண்ணி இங்கிட்டுல்ல வருது."

திருப்பதி எட்டிப் பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "இன்னிக்கு இங்கிட்டுத்தான் வரும். நேத்து மழ தெக்கத்தி மழல்ல? அவுக கண்மாய் மொதல்ல நெறஞ்சுருச்சு. வடக்க பெஞ்சா எங்களுது மொதல்ல நெறயும். அப்ப அங்கிட்டுத் திரும்பிரும். தரை ஒரே மட்டந்தான தம்பி. எவன் வயிறு முந்தி நெறயுதோ அவன் குடுக்குறான்."

"இத ஏண்ணே போன்ல சொல்லல?"

"நீங்க யாரு தண்ணின்னுல்ல கேட்டீக. எப்பன்னு கேக்கலையே."

சாதிக் வாரியைத் திரும்பிப் பார்த்தான். ஒரே கால்வாய், ஒரு மழைக்கு ஒரு பக்கம், வேறொரு மழைக்கு எதிர்ப்பக்கம். இதை அவன் எங்கேயோ படித்திருக்கிறான். கம்போடியாவில் ஓர் ஆறு. மழைக்காலத்தில் ஏரிக்குள்ளே ஓடும், மழை முடிந்ததும் அப்படியே திரும்பி வெளியே ஓடும். படகு வீடுகளின் படம், வலைகளின் படம். பத்து வயதில் அதை வாய் பிளந்து படித்தான். எந்தப் பத்திரிகை என்பது மறந்துபோயிற்று. படித்த இடம் மறக்கவில்லை. வேன் இந்தக் கரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியில் தூறல். அத்தா மேலே குந்தியிருந்தார். அவர் வந்து கதவைத் திறந்ததும், "அத்தா, கம்போடியால ஒரு ஆறு திரும்பி ஓடுதாம்" என்று சொன்னான். "அப்படியா, மாஷா அல்லாஹ்" என்றவர் வண்டியைக் கிளப்பினார். அவர்கள் இரண்டு பேரும், ஒருவர் படியைப் பார்த்தபடியும் ஒருவர் படத்தைப் பார்த்தபடியும், ஐம்பது அடி தள்ளி, அதே மாதிரி திரும்பி ஓடக்கூடிய தண்ணீரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அன்று அது எந்தப் பக்கம் ஓடியது என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

ஷர்லியைக் கூப்பிட்டான். மூச்சு விடாமல் சொன்னான்.

"அருமை" என்றார் ஷர்லி. "ரெண்டு பக்கமும் ஓடும்னு போட்டுருவோம். டிபன் பாக்ஸும் தப்பிக்கும். நாலு வரி இப்பவே அனுப்புங்க."

சாதிக் வாயைத் திறந்தான். எழுதுவதற்கு அவனுக்கு இரண்டு நிமிடம் போதும். அண்ணன், தம்பி, மிட்டாயைத் திருப்பித் தருவது, எல்லாம் வரிசையில் நின்றன. அதற்குள் சைக்கிளில் வந்து இறங்கிய செங்கமேட்டுச் செல்லமுத்து, விஷயத்தைத் திருப்பதி வாயாலேயே கேட்டுவிட்டுக் கையை உதறினார். "திரும்புதா? நான் பொறந்து அம்பத்தேழு வருஷத்துல பாத்ததில்ல. அவன் சொல்றத எழுதிறாதீக தம்பி."

"நீ எப்ப வடக்கு மழையில வந்து பாத்த?" என்றார் திருப்பதி.

"மழையில எவன்டா வருவான்?"

"அதான் நீ பாக்கல."

"நீ பாத்தியா?"

திருப்பதி குடையை மறு கைக்கு மாற்றினார். "எங்கய்யா பாத்துருக்காக."

போனில் ஷர்லி காத்திருந்தார். "சாதிக், இருக்கீங்களா?"

"மேடம், நான் ஒரு பக்கம் போறதத்தான் பாத்தேன்."

"அவர் சொல்றார்ல?"

"இவர் இல்லேங்கிறார்."

"அப்ப தாமரை போடவா?"

"வேணாம். வடக்க மழ பெய்யிற வரைக்கும் நிறுத்தி வைக்க முடியுமா?"

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "நாளைக்கு விட்டா அச்சகத்துல அடுத்த இடம் பிப்ரவரிலதான். கண்காட்சிக்கு வராது. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்னு சொன்னீங்க?"

சொல்லியிருந்தான். கல்லூரி நண்பர்களுக்கு, சுவரிதழைப் படித்துச் சிரித்தவர்களுக்கு, பெயர் போட்ட அழைப்பிதழ்கூட அனுப்பியாயிற்று. முதல் புத்தகத்தை மேசையில் அடுக்கி அதன் பின்னால் நிற்கும்போது போட வேண்டிய சட்டையைக்கூட ஃபர்ஹானா எடுத்து வைத்திருந்தாள். மழை வடக்கே பெய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. இந்த வருஷம் பெய்யாமலே போகலாம்.

"வரலேன்னாப் பரவால்ல மேடம்" என்றான். நனைந்த தொப்பியைக் கழற்றிப் பிழிந்தான்.

"சரி" என்றார் ஷர்லி, கோபமா இல்லையா என்று சொல்ல முடியாத குரலில். "அப்படின்னா அந்த ஆசிரியர் குறிப்பையும் ஒரு தடவை பாத்துருங்க."

அன்று மாலை அவன் புதிய குறிப்பு அனுப்பினான். 'முந்நூறு முறை பயணம் செய்தும் வேனை விட்டு இறங்காதவர்.' இதையெல்லாம் அட்டையில் போட முடியாது என்று பதில் வந்தது.

டிசம்பர் பாதியில், காலை ஆறு மணிக்கு ரஞ்சிதா டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. ராத்திரி வடக்கே பிடித்த மழை இன்னும் விடவில்லை, பூவவிடுதிக் கண்மாய் நிறைகிறது, பள்ளிக்கு விடுமுறை. சாதிக் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் வேன் இல்லை. அத்தா திருச்சிக்குப் போயிருந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆலங்குடியில் மாறி, பூவவிடுதியில் இறங்கியபோது ஒன்பது மணி. தொப்பி போடவில்லை.

வாரியில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். போன தடவை வடக்கே ஓடியது இப்போது எந்தப் பக்கமும் ஓடாமல், தூறல் விழுந்த இடத்தில் மட்டும் வட்டம் வட்டமாகச் சுழித்துக்கொண்டிருந்தது. சாதிக் ஒரு வைக்கோல் துண்டைக் கிள்ளிப் போட்டான். அது போட்ட இடத்திலேயே கிடந்து லேசாகத் திரும்பிக்கொண்டது. தெற்கேயும் நீட்டாமல் வடக்கேயும் நீட்டாமல் குறுக்காகக் கிடந்தது.

இரண்டு நிமிடம் நின்று பார்த்தான். அசையவில்லை. கைப்பேசி ஒலித்தது, எடுக்காமல் பையில் போட்டுக்கொண்டான். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, ஈரக் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வைக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தான்.